திருப்புளி வைத்துக் கேட்டவர்

எங்கள் வேனுக்கு வராத நோயே கிடையாது. காலையில் கிளம்பாது. கிளம்பினால் புகை கக்கும். புகை அடங்கினால் எங்கேயாவது ஒழுகும். ராணுவத்தில் ஆம்புலன்ஸாக ஓடி ஓடித் தேய்ந்து, இனி ஆகாது என்று கழித்துவிட்ட டீசல் வேன் அது. என் வீட்டுக்காரர் அதைத் தேக்காவில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஊர்ல எல்லாரும் குப்பையை வெளிய கொண்டுபோய்க் கொட்டுவாங்க. நீங்க வீட்டுக்குக் கொண்டாறீங்களே!"

அவர் சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தார். "உள்ள பாரு புள்ள. கட்டில் போடலாம், அடுப்பு வைக்கலாம். ஞாயித்துக்கிழமையானா கடற்கரையில போயிப் படுத்துக்கலாம் லா."

என் வாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த குடும்பங்களெல்லாம், "பொண்ணு லட்சணந்தான், வாய்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். இவர் வந்த அன்று, பாலில் தண்ணீரைக் கலந்து ஊற்றிய பால்காரரைப் பின்வாசலில் நிறுத்திவைத்துக் கிழித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து அத்தனையும் கேட்ட இவர், என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டார். பிள்ளை குட்டி இல்லாமல் போன எங்கள் வீட்டில் சத்தம் என்றால் என் சத்தம்தான். நான் ஒரு வேளை பேசாமல் இருந்தால், "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். என் வாயை ரசித்த ஒரே மனிதர் அவர். பெற்ற தாயே ரசிக்கவில்லை, மற்றவர்களைச் சொல்லி என்ன?

செம்பவாங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் அவருக்கு மெக்கானிக் வேலை. வாரமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், சனிக்கிழமை மாலையானால் வேனுக்கடியில் புகுந்துவிடுவார். பலகையில் கட்டில் அடித்தார். மண்ணெண்ணெய் அடுப்புக்கு மேடை கட்டினார். என் சுங்குடிச் சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை போட்டார். அதற்கு அவர் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. ஞாயிறன்று சுவா சூ காங் பக்கம் ரப்பர் மர நிழலிலோ, பொங்கோல் கடற்கரையிலோ வண்டியை நிறுத்தி, சோறாக்கிச் சாப்பிட்டுப் படுத்துக் கிடப்போம்.

போகிற வழியில் வேன் நிற்காமல் இருந்த நாள் இல்லை. என்ன கோளாறு என்று அவர் கண்ணால் தேடமாட்டார். நீளமான திருப்புளி ஒன்று வைத்திருந்தார். அதன் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரிதான். "மூணாவது சிலிண்டர் இருமுது," என்பார். கழற்றிப் பார்த்தால் கோளாறு மூன்றாவதில்தான் இருக்கும்.

அப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஒருநாள் பாசாரில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலையோரம் அவருக்காக நின்றிருந்தேன். தூரத்திலிருந்தே ஒரு ஹார்ன் சத்தம். விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. பூக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். வண்டி மாடு மிரண்டு ஒதுங்கியது. "யாருடா அவன், ஹார்ன்லேர்ந்து கைய எடுடா!" என்று யாரோ கத்தினார்கள். வந்தது எங்கள் வேன். ஸ்டீயரிங் தண்டுக்குள் போகிற ஹார்ன் ஒயரின் மேல்தோல் உரிந்து இரும்பில் பட்டால், பொத்தானை அழுத்தாமலே அது அலறும். பழைய வண்டியில் சகஜமான கோளாறு, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் தெருவே அவரைப் பார்த்துக் கூப்பாடு போட, அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிதானமாக ஓரங்கட்டினார். இறங்கி வந்து கூடையை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கி நண்டு கெடச்சுதா?" என்றார். பின்னால் ஹார்ன் அலறிக்கொண்டே இருந்தது.

"ஹார்ன் அடிக்குதுங்க," என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். நான் வேனைக் கைகாட்டினேன். திரும்பிப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டு நின்ற ஜனங்களையும் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்.

வீடு வந்து சேரும் வரை எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ரேடியோவை அவர் அலறவிட்டதும், வாசலில் யார் கூப்பிட்டாலும் என்னையே போகச் சொன்னதும். நான் பேசும்போது என் முகத்தை விட்டு அவர் கண் நகராது. ஆசையில் பார்க்கிறார் என்று பூரித்துக் கிடந்தேன், பைத்தியக்காரி!

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளாச்சு. பேச்செல்லாம் தேஞ்சு தேஞ்சு வருது. நீ கத்துனா மட்டும் நல்லாக் கேக்கும். அதுக்குத்தான் உன்ன சும்மா சும்மா சீண்டுறது."

அட பாவி மனுஷா! என் சேலையைக் கிழித்ததும் அதற்குத்தானா? அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். பட்டறைச் சத்தம் காது நரம்பைத் தின்றுவிட்டது, மிச்சம் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், மருந்து கிடையாது. வெளியே வந்து படியில் நின்று அவர் சொன்னார்: "இன்ஜினும் உன் வாயும் கேட்டாப் போதும். மத்ததுல என்ன இருக்கு?"

அதன் பிறகு நான் கத்திய கத்தல் கொஞ்சமா? காப்பியில் சீனி போதுமா என்பதைக்கூட அடித்தொண்டையில்தான் கேட்பேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் புருஷனோடு சண்டை போடலாமா என்று புத்தி சொன்னாள். போடலாம், காது கேட்கிற வரைக்கும் போடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டில் போகும்போது பின்னால் ஹார்ன் கேட்டால் நான் அவர் தொடையில் தட்டுவேன். வேனைச் சரி பார்ப்பதிலும் அவருக்குக் காதாக நான் நின்றேன். இன்ஜின் ஓடும்போதே நாலு டீசல் குழாய் நட்டையும் ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார். நல்ல சிலிண்டரானால் உடனே சத்தம் தொய்யும். கெட்டுப்போனதானால் தளர்த்தினாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இராது. தொய்ந்தால் கையைத் தூக்குவேன். மாறாவிட்டால் தலையை ஆட்டுவேன். உள்ளே தட்டுகிற சத்தம் வந்தால், அது எப்படித் தட்டுகிறது என்று அவர் முதுகில் தட்டிக் காட்டுவேன். நான் காட்டி முடித்த பிறகு அவரும் திருப்புளியை எடுத்துக் காதோரம் வைப்பார். "சரியாத்தான் சொல்ற," என்பார். அது ஒன்றில்தான் அவருக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது.

பிறகு என் கத்தலும் அவரை எட்டாமல் போயிற்று. எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் திரும்பிப் பார்த்தால், என் வாயைப் பார்க்காதபோதும் அதே தலையாட்டல். வீட்டில் கைஜாடை நுழைந்தது அப்போதுதான்.

கடைசியாக நாங்கள் போனது பொங்கோலுக்கு. ரோடு முடிகிற இடத்தில், கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வேன் திணறி நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்றுப் பூந்துவிட்டது, எங்களுக்குப் பழகிய கோளாறு. அவர் காற்றை வெளியேற்றுகிற ஆணியைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடிக்க, நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நுரைத்து நுரைத்து வந்த டீசல், குமிழி நின்று தெளிவாக வழிந்ததும் கையைத் தூக்கினேன். ஆணியை முடுக்கினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனாலும் நொண்டியது. வழக்கம்போலத் திருப்புளியை ஊன்றிக் கண்ணை மூடினார்.

நுனியை இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் தோல் சிவக்க அழுத்தினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கையில அதிருது," என்றார். "காதுல ஒண்ணுமில்ல."

இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து, பின்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பனியன் ஓரத்தால் திருப்புளி நுனியை அழுந்தத் துடைத்தார். அதை மெதுவாக என் கழுத்தெலும்பில் வைத்து, பிடியைத் தன் காதோரம் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"திட்டு," என்றார். "இந்த வேன வாங்குனதுக்குத் திட்டு."

எனக்கு வாயே வரவில்லை. எனக்கு! அப்புறம் வந்தது. குப்பை வேனை வாங்கியதற்குத் திட்டினேன். சேலையைக் கிழித்ததற்குத் திட்டினேன். காது போவதை என்னிடம் மறைத்ததற்குத் திட்டினேன். "என் சத்தத்துக்கு ஆசைப்பட்டுத்தானே கட்டிக்கிட்டீங்க, இனிமே நான் யாருக்குப் பேசுறது, சுவத்துக்கா?" என்று கேட்டேன். மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக, கழுத்தெலும்பில் அந்த இரும்பு குத்தக் குத்தத் திட்டினேன்.

இன்னும் வாகாகக் கேட்கவோ என்னவோ, அவர் கதவில் சாய்ந்தார். வேன் ஒருமுறை ஆடியது. அன்று பிடுங்கி, பிறகு மறுபடி மாட்டிய பழைய ஹார்ன் ஒயர் எங்கோ இரும்பைத் தொட்டுவிட்டது. ஹார்ன் அலற ஆரம்பித்தது.

படகுத்துறையில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். நாய்கள் குரைத்தன. எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் உட்கார்ந்து கேட்டவர் மாதிரி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்த அலறலுக்குள் அவர் உதடு அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"கேக்குது லா. நல்லாக் கேக்குது. நிறுத்தாத."

ஹார்னை நிறுத்த நான் எழுந்திருக்கவில்லை. திட்டிக்கொண்டே இருந்தேன்.