காவலுக்குப் போன விமானங்கள்

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகம் என் தாய்மாமனுடையது. சிங்கப்பூரில், சிலேத்தார் விமானத் தளத்தில் விமானங்களுக்குச் சாயம் பூசும் வேலை அவருக்கு. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். உலகப் போரில் ஜெர்மன்காரர்களின் கனரகச் சண்டை விமானப் படை ஒன்றின் வரலாறு. அட்டையில், மூக்கில் சுறாமீன் வாய் வரைந்த விமானம். ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் பார்க்காமல் காப்பி குடித்துவிட முடியாது.

நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஆளுக்கொரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் ஆசிரியர். மாமா எனக்கு ஆங்கிலப் புத்தகத்தையே படித்துச் சொல்வார், அதைப் பற்றித்தான் பேசுவேன் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். மாமாவோ, "நாளைக்குப் பாக்கலாம் லா" என்று ஒரு வாரத்தைக் கடத்தினார். பேசவேண்டிய நாளுக்கு முந்தின மாலை பார்த்தால், சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களின் அடியில் அது சந்தனப் பொட்டோடு இருக்கிறது! மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அப்பாவின் துறைமுக வேலையால் மறுபூஜை மறுநாள் மாலைதான். என் மானம் போகப்போகிறது என்று ஓவென்று அழுதேன்.

"அழாத லா, எல்லாம் என் மண்டையில இருக்கு," என்றார் மாமா. "குண்டு போடுற ப்ளேனுக்குக் காவலா இத அனுப்புனானுங்க. ரெண்டு இஞ்சின், பெரிய உடம்பு, சட்டுனு திரும்ப வராது. அடி தாங்காம, ஒருத்தன் வால ஒருத்தன் பாத்துக்கிட்டு வட்டமா சுத்துனானுங்க. கடைசியில காவலுக்குப் போனவனுக்கே காவல் போட்டாங்க!"

கைகளை விரித்து அவரே சுற்றிக் காட்டியதில் சுண்டல் கிண்ணம் கவிழ்ந்தது.

மறுநாள் வகுப்பில் நானும் அப்படியே சுற்றினேன். ஆசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆசிரியர் இல்லாதபோது எங்களைக் காவல் காக்கும் வகுப்புத் தலைவனுக்கு அன்றோடு 'காவலுக்குக் காவல்' என்று பெயர் விழுந்தது.

மாலையில் மறுபூஜை. வழக்கப்படி ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து நாலு வரி உரக்கப் படித்தோம். மாமாவின் முறை வந்தது. புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணே, நீங்க மனசுக்குள்ளயே படிங்க. சாமிக்குக் கேக்கும்," என்றாள் அம்மா.

மாமா படம் போட்ட பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பக்தி என்று நான் மலைத்துப்போனேன். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது, தளத்தில் வெள்ளைக்காரர்கள் பேசக் கேட்டதைத்தான் எனக்குச் சொன்னார், புத்தகத்தைப் பூஜையில் ஒளித்ததும் அவரேதான் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.