நிஷியாமா வீட்டில் சொன்ன ‘போட்டு வாறன்’

இராசேஸ்வரி ரீச்சர் ஜப்பானுக்குப் போகிறார் என்ற கதை தர்மபுரத்தில் பரவியபோது ஒருவரும் நம்பவில்லை. வெளிநாடு என்றால் அங்கே ஒரு அண்ணன் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மகளுக்குப் பிள்ளைப்பேறாக இருக்கவேண்டும். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது பச்சைப் பொய்யாகத்தான் படும். பக்கத்து வளவுக் கதிர்காமநாதன் வேலியோரம் வந்து நின்று விசாரித்தார்.

“அங்கை ஆர் ரீச்சர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போறியள்?”

“இஞ்சை மட்டும் ஆர் இருக்கினம் எனக்கு?”

மனிசன் கதையை மாடு கன்றுக்குத் திருப்பிவிட்டார்.

ரீச்சருக்கு அறுபத்தொரு வயது. கலியாணம் பொருந்திவரவில்லை. படுக்கையில் கிடந்த தாயைப் பதினொரு வருடம் பார்த்தார். தாய் கண்மூடிய பிறகு, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. சந்தைக்குப் போய் இருட்டியபின் வந்தாலும் ஏனென்று கேட்பாரில்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் அந்த ஒரு கேள்விக்காக ரீச்சர் உள்ளூர ஏங்கினார். அதை யாரிடம் போய்ச் சொல்வது? முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர், ஜப்பானின் நாலு பெரிய தீவுகளையும் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவார். ஓய்வுக் காசு கைக்கு வந்ததும், கீறியதை ஒருமுறை கண்ணால் பார்ப்போம் என்று புறப்பட்டுவிட்டார்.

டோக்கியோவில் கால் தரிக்கவில்லை. நெல் விளையும் பக்கமாகப் பார்த்து, வடக்கே அக்கிதாவுக்கு ரயில் ஏறினார். அறுவடை முடிந்த ஐப்பசி மாதம். தாசாவா ஏரிக்கரையில் நிஷியாமா என்ற அம்மாவின் வீட்டில் இடம் கிடைத்தது. புருசன் இறந்துவிட்டார், பிள்ளைகள் பட்டணத்தில். மேல்மாடி அறைகளைப் பயணிகளுக்கு விட்டு அந்த அம்மா காலம் தள்ளினார். எத்தனை நாள் என்று கேட்டபோது ரீச்சர் எங்கள் வழக்கப்படி, “மூண்டு நாலு நாள்” என்று பிடிகொடுக்காமல் சொல்லிவைத்தார். காசை அந்தந்த இரவுக்கு அந்தந்த மாலையில் கொடுத்தார்.

ஏரி நானூறு மீற்றருக்கு மேல் ஆழம், ஜப்பானிலேயே ஆழமானது. நீலமென்றால் அப்படியொரு நீலம். ஊரில் இரணைமடுக் குளத்தைப் பார்த்து வளர்ந்த ரீச்சர் அதைச் சுற்றி நடந்து அணைக்கட்டைத் தேடினார், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசைத் தேடினார், வான்கதவைத் தேடினார். ஒன்றும் இல்லை. “இதென்ன குளம், வயலுக்குத் தண்ணி எப்பிடி விடுறது?” என்று வாய்விட்டே கேட்டார். சிரிப்பதற்குப் பக்கத்தில் ஆளில்லாதபடியால் பகிடி அப்படியே செத்துப்போனது.

சாப்பாட்டுக்கும் அதே கதிதான். ககுனோதாத்தே என்ற பழைய ஊரின் கறுப்பு மரவீடுகளைப் பார்த்துவிட்டு ஒரு கடையில் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் தின்றார். வன்னியில் அடுப்புக்கு மேலே தொங்கும் இறைச்சி வத்தலின் அதே மணம். “இதை மணந்து பாருங்கோவன்” என்று சொல்லத் திரும்பினால் பக்கத்துக் கதிரையில் அவருடைய கைப்பைதான் இருந்தது.

நிஷியாமா வீட்டில்தான் ஒரு மாற்றம். முதல்நாள் காலை ரீச்சர் படியிறங்கியபோது அந்த அம்மா வாசலில் குந்தியிருந்து, “இத்தெராஷ்ஷாய்” என்றார். போனிலுள்ள மொழிபெயர்ப்புக்காரி அதைத் தமிழாக்கினாள்: “போய் வாருங்கள்.” ரீச்சர் திகைத்து நின்றுவிட்டார். பதிலுக்கு என்ன சொல்வது என்று கேட்டால், “இத்தெக்கிமாஸ்” என்றாள். அதாவது, போய் வருகிறேன். எங்கள் போட்டு வாறன்தான்! மாலையில் திரும்பினால் இரண்டு கோப்பை வைத்திருந்தது. சோற்றை மசித்து, தடியில் உருட்டிப் பிடித்து, தணலில் வாட்டி, கோழிச்சாற்றில் கொதிக்கவிட்ட கிரித்தம்போ. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அந்த அம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார். ஆறுமணி பஸ்ஸுக்கு என்று ரீச்சர் ஒவ்வொரு நாளும் சந்தோசமாகச் சொன்னார்.

நாலாம்நாள் காலை அந்த வீட்டை விட்டுப் புறப்படும் நேரம் வந்தது. ரீச்சரிடம் இருந்தது முதுகில் போடும் ஒரே பை, நாளாந்தம் கொண்டு திரிந்த அதே பைதான். வாசலில் நின்று, கும்பிட்டு, கண்கலங்க, “இத்தெக்கிமாஸ்” என்றார். செத்தவீட்டில் மட்டும்தான் நாங்கள் சொல்லாமல் எழும்பிப் போவது. வேறெந்த வீட்டு வாசலிலும் போறன் என்ற சொல் எங்கள் வாயில் வராது. திரும்பியே வராத பயணம் என்றாலும் போட்டு வாறன்தான். ஜப்பான்காரருக்கு அப்படியில்லை. அந்த வீட்டுக்கே திரும்பி வரப்போகிறவர் மட்டும்தான் அதைச் சொல்வார். படிப்பித்த ரீச்சருக்கு இது தெரியாமல் போனது. அந்த அம்மா சிரித்தபடி அனுப்பிவைத்தார்.

அன்று பின்னேரம் ஆறேகாலுக்கு, நூறு மைலுக்கு அப்பால் சென்டாய் நிலையத்தில், ரீச்சர் ஒரு வாங்கில் அமர்ந்து டோக்கியோ ரயிலுக்குக் காத்திருந்தார். மறுநாள் காலை விமானம். போன் அதிர்ந்தது. நிஷியாமா அம்மா எழுதியதைப் போன் தமிழில் காட்டியது.

“பஸ்ஸில் நீங்கள் இல்லை. மழை பெய்கிறது. அடுத்த பஸ்ஸுக்குக் குடையுடன் நிற்கிறேன். சோறு மூடி வைத்திருக்கிறேன்.”

ரீச்சருக்கு முதலில் வந்தது சந்தோசம். மறைப்பானேன், நெஞ்சு நிறைந்துபோனது. உலகத்தில் ஒரு வீட்டில் அவருக்காகச் சோறு மூடி வைத்திருந்தது. அதன் பிறகுதான் மழையில் நிற்கிற பொம்பிளை நினைவுக்கு வந்தார்.

“மன்னிக்கவும், நான் போய் வருகிறேன்” என்று எழுதினார். ஜப்பானியத்தில் என்ன விழுந்தது என்று மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பார்த்தால், “மன்னிக்கவும், போய்விட்டுத் திரும்புகிறேன்” என்றிருந்தது. அழித்தார். “பிறகு ஒருநாள் வாறன்” என்று எழுதினார். பிறகு ஒருநாள் எது? அடுத்த பஸ் வந்தாலும் அந்த அம்மா நிற்பார், அதற்கடுத்ததற்கும் நிற்பார். அதையும் அழித்தார். சுற்றிவளைக்க இனி வழியில்லை. அறுபத்தொரு வருடத்தில் ஒரு வாசலிலும் சொல்லாததை ரீச்சர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

“நான் போகிறேன். இனி வரமாட்டேன். மழையில் நிற்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.”

அனுப்பிவிட்டு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், அந்த வாங்கிலேயே இருந்து அழுதார்.