என் தட்டருகே இல்லாத கொடி

சவூதியில், அல் கோபார் தொழிலாளர் கேம்ப் கமிட்டியில் நான் செய்தது அயோக்கியத்தனம்.

எழுபதுகளில் அங்கே ஒரு என்ஜினீயர் இருந்தார். டென்மார்க் எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில் வாழும் டேனிஷ் சிறுபான்மையினரில் ஒருவர். மெஸ்ஸில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் தட்டருகே குட்டி டேனிஷ் கொடி ஒன்றை வைப்பார்.

"எங்கள் மாநிலச் சட்டசபைக்குப் போக மற்ற கட்சிகளுக்குக் குறைந்தபட்ச ஓட்டு சதவீதம் வேண்டும். எங்கள் கட்சிக்கு அந்த விதி இல்லை. நாங்கள் கொஞ்சம் பேர்தானே," என்றார் ஒருமுறை.

அந்த நியாயத்தைப் பேசியே, விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழர்களான எங்களுக்குக் கமிட்டியில் தனி இடம் வாங்கினேன். அடுத்த மாதம் பாகிஸ்தானிலிருந்து வந்த பலூச்சிகள் தங்களுக்கும் ஓர் இடம் கேட்டார்கள்.

"ஆறு பேருக்கு எதுக்கு பாய் சீட்டு? கலாஸ், பேச்சு முடிஞ்சது!" என்று சிரித்தேன்.

என்ஜினீயர் முகம் சுளித்தார். "போன மாதம் நீங்கள் எத்தனை பேர்?"

மறு கூட்டத்தில் வாதாடி அவர்களுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தேன். அவர் பலூச்சிகளின் கையை மட்டும் குலுக்கினார்.

என் பிறந்தநாள் வந்தது. தட்டருகே கொடி இல்லை. நானும் கேட்கவில்லை.