மொட்டை செட்டும் கைநாட்டும்

சோப்புக் கம்பெனிக் குலுக்கலில் ஒரு இஸ்திரிப் பெட்டி. மின்சார அலுவலகத்தோடு மல்லுக்கு நின்று வாங்கிய புது மீட்டர். ஊரே திரண்டு மோதிய கோட்டைச்சீட்டுப் போட்டியில், இரவல் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு ஆடி முதல் பரிசுக் கோப்பை. கிடைக்காது என்று எல்லோரும் கைவிரித்த இந்த மூன்றையும் ஜெயித்தவன், மூன்றில் ஒன்றையும் நம்பவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் செருகாமலே ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தான். மீட்டரைப் பற்றி, "நான் பாக்கும்போது மட்டும் மெதுவா ஓடுது" என்றான். கோப்பையை நகத்தால் சுரண்டி, "தகரம். எனக்கு அப்பவே தெரியும்" என்று அக்காவிடம் நீட்டினான். அக்கா அதைத் துடைத்து அலமாரியின் முன்வரிசையில் வைத்தாள். இன்றும் வாரம் தவறாமல் துடைக்கிறாள்.

வேன் கதவுகளில் கம்பெனிப் பெயர் எழுதுவது அவன் தொழில். ஸ்கேல் வைக்காமலே கோடு நூல் பிடித்தாற்போல் வரும். வேலை முடிந்ததும் கதவின் ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில் தேதி போடுவான். தன் பெயரைப் போடமாட்டான். கதவில் மட்டுமல்ல, எங்கேயும் போடமாட்டான். பாங்கில், தபாலில், கேஸ் சிலிண்டர் ரசீதில், எல்லாவற்றிலும் பெருவிரல் ரேகைதான். "கையெழுத்த எவன் வேணா போட்டுருவான். ரேகைய எவன் திருடுவான்?" என்பான். அடுத்தவர் மையிலும் நம்பிக்கை இல்லாததால் சொந்தமாக ஒரு மைப்பெட்டி சட்டைப்பையில் இருக்கும். பாங்கு கிளார்க் வைத்த பெயர் கைநாட்டு. நாலு எழுத்துத் தெரியாதவனை ஏசும் சொல். ஊரில் பாதி வண்டிகளில் எழுதியவனுக்கு அது நிலைத்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனரிக் கடையின் பின்னறையில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டைச்சீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பான். சீட்டை வாங்கியதும் முகர்ந்து பார்ப்பான்.

"முதல்ல மூக்கு, அப்புறம் கண்ணு, கடைசியிலதான் காது. விக்கிறவன் சொல்றத கடைசியா கேளுங்க."

ஆட்டம் சுலபம். இரண்டு பேர், ஆளுக்கொரு கோட்டை. வீரன், பூதம், பீரங்கி என்று ஒவ்வொரு சீட்டாக இறக்கி எதிராளியின் மதிலை இடிக்க வேண்டும். சிக்கல் எல்லாம் சீட்டைச் சேர்ப்பதில்தான். முதலில் அச்சான செட்டில், வலது கீழ்மூலையில் எந்த அடையாளமும் இருக்காது. அது மொட்டை செட். அடுத்ததில் அதே இடத்தில் குட்டி நட்சத்திரம். மூன்றாவதில் மை சரியில்லாமல் போய், படம் எல்லாம் பலமுறை துவைத்த சட்டை மாதிரி இருக்கும். அது வெளுத்த செட்.

"நட்சத்திரத்தைச் சுரண்டிட்டு மொட்டைன்னு தலையில கட்டுவானுங்க. மூலையத் தடவுங்க. சொரசொரன்னா எழுந்து வந்துருங்க. டார்ச்ச பின்னாடி புடிங்க. நடுவுல கறுப்புத் தாள் வெச்சு ஒட்டியிருக்கும், வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிஞ்சா அது சீட்டு இல்ல, கல்யாணப் பத்திரிகை."

போன மாதம் ஒரு நர்ஸம்மா சேர்ந்தார். பழைய பீரோ ஒன்று வாங்கினாராம். அதன் இழுப்பறையில் ஒரு கட்டு கோட்டைச்சீட்டு இருந்ததாம். எல்லாம் அசல் மொட்டை. ஓயாமல் கேள்வி கேட்டார். கைநாட்டு அன்று சாப்பிடும்போது அக்காவிடம் குசுகுசுத்தான்: "பீரோவாம், இழுப்பறையாம்! இத யாரோ அனுப்பி வெச்சிருக்காங்க."

நர்ஸம்மாவின் சீட்டுக்கட்டில் காவல்காரிச் சீட்டும் இருந்தது. கோட்டை வாசலில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்பவள். சுண்டுவிரல் மட்டும் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். மொட்டை செட்டில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வரைந்தவர் பெயர் பொடி எழுத்தில் உண்டு. இவளுக்குக் கீழே மட்டும் வெறும் இடம். நட்சத்திர செட்டில் அங்கே ஒருவர் பெயர் இருக்கிறது.

"இத யாரு வரைஞ்சது?" என்றார் நர்ஸம்மா.

"அச்சுப் பிழை. அடுத்த சீட்டு" என்று கவிழ்த்துவிட்டான்.

வரைந்தது அவன்தான். அப்போது வயது பதினெட்டு ஆகாததால் ஒப்பந்தத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். அவன் பார்த்து வரைய, சமையலறையில் விளக்கைத் தூக்கிக்கொண்டு தோள் கழன்றுபோகும்வரை நின்றவளும் அவள்தான். பைண்டிங் கடையில் தாள் வெட்டும் கத்தி பட்டு அவளுடைய இடது சுண்டுவிரல் அப்படி மடங்கிப்போயிருந்தது. படத்துக்குள் பெயர் எழுதக்கூடாது, கீழே நாங்கள் அச்சடிப்போம் என்றது சீட்டுக் கம்பெனி. முதல் அச்சில் விட்டுப்போயிற்று. கேட்டதற்கு அடுத்த அச்சில் சரிசெய்கிறோம் என்றார்கள். செய்தார்கள், அங்கே மேற்பார்வை பார்த்தவருடைய பெயரைப் போட்டு. அதோடு படத்தையும் பேனாவையும் விட்டவன்தான் அவன்.

"கடையில சொல்லேண்டா" என்று அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"சொன்னா நம்புவாங்களா? நானே நம்பமாட்டேனே!" பொய்யில்லை. நான்தான் வரைந்தேன் என்று கடைக்கு வந்த இரண்டொருவரைக் கேள்வி கேட்டே துரத்தியவன் அவன்.

சென்ற வாரம் கடைக்காரர் ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். "காவல்காரியை வரைந்தவர் வருகிறார்! சீட்டில் கையெழுத்திடுகிறார்!" என்று எழுத வேண்டும், கீழே அந்த மேற்பார்வையாளர் பெயர். கைநாட்டு எழுதினான். கூடத்தில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்து அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு ரோஷமே கிடையாதாடா?"

"கூலிக்கு எழுதுறேன். எழுத்துல தப்பு இருக்கா, அத மட்டும் பாரு."

எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

இந்தச் சனிக்கிழமை அவன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனான். அக்காவுக்கு அது நல்ல சாக்காயிற்று. பின்னறையில் கால் வைக்க இடமில்லை. ஜன்னலோர நாற்காலியில், கையெழுத்துப் போட வந்தவர், அந்த மேற்பார்வையாளர், உட்கார்ந்திருந்தார். கைநாட்டு சுவரோரமாக நின்றிருந்தான். நர்ஸம்மாவின் முறை வந்தது.

"சார், இவ விரல் ஏன் இப்படி மடங்கியிருக்கு?"

"அதுவா? அது ரகசிய முத்திரை. காவலுக்கு ஒரு மந்திரம்."

"மந்திரம் மாதிரித் தெரியலையே. நரம்பு அறுந்து, சரியாத் தைக்காம விட்ட விரல்தான் இப்படி உள்ள மடங்கும். வார்டுல நிறைய பாத்திருக்கேன்."

வந்தவர் சிரித்தார். "படந்தானேம்மா, அதுக்கு வைத்தியமா பாக்கப்போறீங்க?"

அப்போதுதான் அக்கா, நின்றிருந்த தலைகளுக்கு மேலாகக் கண்ணாடிக்கூட்டை நீட்டினாள். "டேய், கண்ணாடிய விட்டுட்டு வந்துட்ட." நீட்டியது இடது கை.

நர்ஸம்மா கையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். "அக்கா, கைய இறக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க."

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார், பிறகு, "கைநாட்டு… இது உன் அக்காதானே?" என்று இழுத்தார். வந்தவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். யாரும் தடுக்கவில்லை.

நர்ஸம்மா தன் மொட்டைச் சீட்டை நீட்டினார். "அண்ணே, நீங்க போடுங்க."

"நீங்க எந்தக் கம்பெனி ஆளு?"

"ஆஸ்பத்திரியில ஊசி போடுற ஆளு. போடுங்கண்ணே."

அவன் கை சட்டைப்பைக்குப் போயிற்று. மைப்பெட்டி வெளியே வந்தது.

"டேய்!" என்றாள் அக்கா. "அத உள்ள வை."

வைத்தான். சீட்டை வாங்கி முகர்ந்தான். மூலையைத் தடவினான். டார்ச்சைப் பின்னால் பிடித்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னமும் தூக்கியபடியே இருந்த அக்காவின் கையையும் படத்தையும் ஒருமுறை ஒத்துப் பார்த்தான். "அசல்தான்" என்றான், யாரோ விற்கவந்த சரக்கைப் பற்றிச் சொல்வதுபோல. கடையிலேயே மெல்லிய பேனாவைக் கேட்டு வாங்கி, நகத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, காவல்காரிக்குக் கீழே இத்தனை வருஷமாக வெறுமனே கிடந்த இடத்தில் தன் பெயரை எழுதினான். பிறகு, வேன் கதவில் செய்வதைப் போலவே, அதன் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் தேதி போட்டான்: ஜூன் ஏழு, சனிக்கிழமை.