மாமாவின் சளி டப்பா

புகுந்த வீட்டில் மருமகளுக்குச் சாவிக்கொத்து கிடைக்கும் என்பார்கள். மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்ததால் எனக்குக் கிடைத்தது மாமனாரின் சளி டப்பா.

எழுபதுகள். பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் ஓர் அறையும் அடுப்படியும்தான் எங்கள் வீடு. மாமா பாக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நெஞ்சில் பாதி தேயிலைத் தூசி, மீதி பீடிப் புகை. மழை பிடித்தால் இழுப்பும் பிடித்துக்கொள்ளும். டிஸ்பென்சரிக்கு வந்துபோகும் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தப் பழைய நோவு போகாது. வெள்ளைச் சளின்னா பயமில்ல. மஞ்சளோ பச்சையோ ஆச்சுன்னா நெஞ்சுல கிருமி ஏறியிருக்கும். உடனே வந்து மாத்திரை வாங்கணும்."

அன்றிலிருந்து கொழுந்து எடுக்கப் போகும் முன் டப்பாவைப் பார்ப்பது என் வேலையானது. மற்றவர்கள் காலையில் மாதா படத்தில் விழிப்பார்கள், நான் இதில் விழித்தேன். எரிச்சல்தான், பொய் சொல்வானேன்.

நெஞ்சில் கிருமி என்றதும் எங்களுக்கு டி.பி. பயம் வந்துவிட்டது. அந்த நோயில் அடுத்த லயத்தில் ஒரு குடும்பமே அழிந்திருந்தது. ஒரு தடவை மாமாவுக்குச் சளி பச்சையானதும், அவர் மடியிலேயே தூங்கிப் பழகிய எங்கள் பெண் குழந்தையை என் வீட்டுக்காரர் தூக்கி வந்து அடுப்படியில் படுக்கப்போட்டார். அது தாத்தா, தாத்தா என்று கதறியது. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரை தின்று சளி வெளுத்த பிறகுதான் பிள்ளை அவரிடம் போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் மாமா டப்பாவில் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட ஆரம்பித்தார். நாற்றம் வராது என்றார். எனக்கும் எட்டிப் பார்க்கும் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். "சளி என்ன நிறம் மாமா?" என்றால், "வெள்ளதாம்மா. நீ கிளம்பு, கங்காணி கத்தப்போறான்" என்பார்.

ஒரு சாயங்காலம் மழையில் ஊறிப்போய் வீடு திரும்பினேன். மாமா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. குழந்தை அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கெஞ்சிக் கூத்தாடி எஸ்டேட் ஜீப்பை வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டரும் முதலில் சளியின் நிறத்தைத்தான் கேட்டார். வெள்ளை என்றேன். அவர் ஒரு பீங்கான் கிண்ணத்தை நீட்டினார். மாமா இருமித் துப்பியது கெட்டிப் பச்சை.

"இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல" என்றார் டாக்டர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தத் தெம்பில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊசியும் ஆக்சிஜனுமாகச் சில நாட்கள் போயின. சளியைச் சோதித்துப் பார்த்த டாக்டர், டி.பி. இல்லை, வேறு கிருமி, மருந்துக்கு அடங்கிவிட்டது என்றார். ஆனால் இவ்வளவு நாள் விட்டுவைத்ததில் நுரையீரல் இன்னும் கெட்டுப்போயிருக்கிறது, பழையபடி ஆகாது, பீடியை இனித் தொடவே கூடாது என்றார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரும்போது மாமா அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைய... மடியில வச்சுக்கிடலாமா?"

டப்பாவில் சாம்பல் எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தாராளமா. இருமும்போது மட்டும் முகத்தத் திருப்பிக்கணும்" என்றார் டாக்டர்.

மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சாத மனிதர், என் வாயிலிருந்து என்ன வரும் என்று மூச்சிரைக்கக் காத்திருந்தார்.

"வச்சுக்கிடுங்க மாமா" என்றேன்.