சீனப் பெயர் எழுதிய மலை மூங்கில்

என் அண்ணன் குளிர் நாடு ஒன்றுக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். சில வருடங்கள் கழித்துத் தூண்டில்கோல் செய்பவனாகத் திரும்பி வந்தான். ஓட்டல் வேலை சலித்துப்போய் அங்கேயே ஒரு பட்டறையில் சேர்ந்திருக்கிறான். சந்தவாசலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பெட்டி பெட்டியாகக் கருவிகளை இறக்கினான்.

அது நம்மூர் ஏரியில் போடுகிற தூண்டில் அல்ல. மூங்கிலை நீளவாக்கில் ஆறு பட்டைகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டினால் நடுவில் துளையில்லாத மெல்லிய கோல் கிடைக்கும். புழுவுக்குப் பதிலாக இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ. அதைச் சாட்டை போலச் சுழற்றி ஆற்றின்மேல் இறக்குவார்கள். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். அதைக் கேட்ட அம்மா, "அப்ப இன்னாத்துக்குடா புடிக்கிறாங்க?" என்றாள். அண்ணனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

நான் அப்போது சென்னையில், துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். "நீ வந்தாத்தான் இது நடக்கும் பாப்பா. எனுக்கு இந்தப் பேப்பர் வேலைலாம் தெரியாது" என்றான். வேலையை விட்டுவிட்டு வந்தேன். இறக்குமதி, ஏற்றுமதி, வெளிநாட்டுக் கடைக்காரருக்குக் கடிதம் எல்லாம் என் பொறுப்பு. இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. கோலின் கைப்பிடிக்கு மேலே, வார்னிஷ் அடிப்பதற்கு முன், செய்தவர் பெயரையும் மூங்கிலின் பெயரையும் மையால் பொடி எழுத்தில் எழுத வேண்டும். என் கையெழுத்து அதற்குத் தோதாக இருந்தது.

மூங்கில் சீனாவிலிருந்து வரவேண்டும் என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்தான். தெற்குச் சீனாவில் ஓர் ஆற்றங்கரை மலைச்சரிவில் விளையும் மூங்கில்தான் நேராக இருக்கும், கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், வளைத்துவிட்டால் அம்பு போல நிமிரும் என்பான். ஒரு காலத்தில் இந்திய மூங்கிலில்தான் இந்தக் கோல்களைச் செய்தார்கள், பிறகு சீன மூங்கில் வந்து அதை ஓரம்கட்டிவிட்டது என்று அவனே சொல்லியிருக்கிறான். "பின்ன, எதிர்ல இருக்கற மலைல இல்லாத மூங்கிலா?" என்று கேட்டேன். "அது ஏணி கட்டறதுக்கு" என்றான்.

எங்கள் முதல் சரக்கு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. பயிர் நோய்த்தடுப்புச் சோதனையில் கட்டைப் பிரித்தபோது மூங்கிலுக்குள்ளிருந்து மாவு கொட்டியது. உளுத்துப்போயிருந்தது, வண்டுகள் உயிரோடு ஊர்ந்தன. மருந்துப்புகை போட்டதாக அனுப்பியவர் தந்திருந்த சான்றிதழ் வெறும் காகிதம் என்று தெரிந்தது. திருப்பி அனுப்பு, இல்லையென்றால் அழித்துவிடுவோம் என்றார்கள். திருப்பி அனுப்பச் சரக்கு வாங்கியதைவிட அதிகம் ஆகும். நான் பழைய அலுவலகத்துக்குப் போய்த் தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. எரித்துவிட்டார்கள்.

அண்ணன் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். வெளிநாட்டுக் கடைக்காரர் ஒரு சாம்பிள் கோலுக்காகக் காத்திருந்தார். அவன் எழுந்திருக்க மாட்டான் என்று தெரிந்ததும் நான் எதிரே இருக்கிற ஜவ்வாது மலைக்குக் கிளம்பினேன். ஜமுனாமரத்தூர் வரை பஸ், அங்கிருந்து ஜீப், பிறகு நடை.

நெல்லிவாசல்நாட்டில் ஓர் அக்காவின் பட்டா நிலத்தில் உள்ளே துளையில்லாத கல்மூங்கில் புதர் இருப்பதாக ஜீப்காரர் சொல்லியிருந்தார். அந்த அக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அலைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்து, "இவ்ளோ சன்னமாவா? மீனு இழுத்தா ஒடிஞ்சிறாது?" என்று சிரித்தார். நேரான கழிகளாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். பத்தில் ஒன்று தேறுவதே கஷ்டமாக இருந்தது. வெட்டி அடுக்கிய பிறகு, கொட்டங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இதுல பேரு எழுதுவீங்கன்னு சொன்னியே தங்கச்சி. இன்னா பேரு?"

"செஞ்சவங்க பேரு. மூங்கிலு எந்த ஊர்துன்னு."

"அப்ப இந்த மலை பேரு எழுது."

எழுதுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. "மெய்யாத்தான் சொல்றேன். எங்க வூட்டுக்காரரு ஆந்திராப் பக்கம் செம்மரக் கட்டை வெட்டப் போய்ட்டு போலீஸ்ல மாட்டிக்கினாரு. ஏஜெண்டு கூட்டிம்போனான், அவன் தப்பிச்சிட்டான். இவரு உள்ள இருக்காரு. இப்ப எங்க போயி ஜவ்வாது மலைன்னாலும், கட்டை வெட்டறவங்களான்னு ஒரு பார்வை பாக்கறாங்க. பையனுக்கு வேலூர்ல ரூம் குடுக்க மாட்டேன்றாங்க. ஒரு நல்ல சாமான்ல இந்தப் பேரு இருக்கட்டும்."

மூங்கில் கொட்டகைக்கு வந்தது. அண்ணன் முகம் கொடுக்கவில்லை. கழிகளை நிழலில் காய வைத்து, நானே பிளக்கத் தொடங்கிய பிறகுதான் மனசு கேட்காமல் வந்து கத்தியைப் பிடுங்கினான். கணுக்கள் நெருக்கமாக இருந்தன. ஒவ்வொன்றையும் நெருப்பில் காட்டி நிமிர்த்தும்போது திட்டிக்கொண்டே இருந்தான். பாதிக்கு மேல் வீணாயிற்று. ஆனால் மிஞ்சியதில் ஒரு கோல் அமைந்தது. ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் வீசிப் பார்த்தான். நூல் நீண்டு போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் படுத்தது. அவன் மறுபடி வீசினான். பிறகு மறுபடியும். பொழுது சாயும்வரை அவனை வீட்டுக்குக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் நல்ல நாள் என்று எனக்கு நினைவிருப்பது அதுதான்.

மறுநாள் அந்தக் கோலில் அவன் பெயரை எழுதி, அதன் கீழே 'ஜவ்வாது மலை' என்று ஆங்கில எழுத்தில் எழுதினேன். அவன் வார்னிஷ் அடித்தான், பெட்டி கட்டினான், அனுப்பினோம்.

சில வாரங்களில் கடைக்காரரிடமிருந்து பதில் வந்தது. இப்படி ஒரு கோலைக் கையில் பிடித்து வெகுகாலம் ஆயிற்று என்றும், தொடர்ந்து செய்து தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். ஆற்றில் நின்று அதை வீசும் படமும், கைப்பிடியை நெருக்கத்தில் எடுத்த படமும் இருந்தன. நான் சந்தோஷத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணன் பெயர் இருந்தது. அதன் கீழே என் எழுத்து இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு, வேறொரு கோணல் கையெழுத்தில் சீன மூங்கிலின் பெயர் எழுதியிருந்தது.

கொட்டகைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். அவன் இழைப்பதை நிறுத்தவில்லை.

"யாருண்ணா எழுதனது?"

"நான்தான். உன்னோட எழுத்து மாதிரி வர்ல."

"அந்த அக்காகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அந்தம்மா கடைல வந்து பாக்கப் போவுதா? கோலு நல்லா இருக்குதுன்றான். அது போதாதா உனுக்கு? பேரப் பாத்துத்தான் அங்க கையிலயே எடுப்பானுங்க. இந்தியாவுதுன்னா தொடக்கூட மாட்டானுங்க. உனுக்கு இன்னா தெரியும்?"

அன்றே நான் கடைக்காரருக்கு உண்மையை எழுதினேன். மூங்கில் எங்கள் ஊருக்கு எதிரே உள்ள மலையில் விளைந்தது, விளைவித்தவர் மலையின் பெயரை எழுதச் சொன்னார், அதை மாற்றியது தவறு என்று எழுதினேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுவார், ஆனால் கையில் இருக்கிற கோல் பொய் சொல்லாது என்று நம்பினேன். நாகரிகமான பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார். மூங்கில் எங்கு விளைந்தது என்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, வாங்குபவர்களுக்குத்தான் பழகிய பெயர் வேண்டும், ஆகவே இப்போது எழுதியிருக்கிறபடியே இனியும் எழுதிவிடுங்கள், உங்கள் கையெழுத்து இன்னும் அழகாக இருக்கும் என்று உங்கள் அண்ணன் போனில் சொன்னார் என்று முடித்திருந்தார்.

அதை நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா, "கூடப் பொறந்தவன் பொழைக்கறதுல மண்ணப் போடறியே" என்றாள். அண்ணன் போளூரில் ஒரு கடையில் சீனப் பெயரைச் சின்னச் சின்ன ஒட்டுத்தாளாக அச்சடித்துக்கொண்டு வந்தான். நான் ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். விடுதியில் தங்கிக்கொண்டேன்.

மலைக்குப் போய் அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் இரண்டு ஆணிகளுக்கு இடையே ஒரு தூண்டில்கோல் இருந்தது. கைப்பிடிக்கு மேலே 'ஜவ்வாது மலை' என்று எழுதியிருந்தது. அதே கோணல் கையெழுத்து.

"மூங்கிலு எடுக்க வந்தப்ப உங்க அண்ணன் குடுத்துட்டுப் போனாரு. எல்லாத்துலயும் இப்பிடித்தான் எழுதறோம்னாரு."

நான் படத்தையும் கடைக்காரரின் கடிதத்தையும் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். அழுவார், அண்ணனைத் திட்டுவார், இனிமேல் மூங்கில் கிடையாது என்பார் என்றெல்லாம் ஜீப்பில் வரும்போது நினைத்திருந்தேன்.

"எனுக்கும் தோணுச்சு தங்கச்சி" என்றார். "எழுதறவரா இருந்தா இன்னாத்துக்கு ஒண்ண மட்டும் இங்க கொண்ணாந்து மாட்டணும்?"

"அப்ப ஏங்க்கா மூங்கிலு குடுக்கறீங்க?"

"எங்கூட்டுக்காரருக்கு வக்கீலு வெச்சிருக்கேன். பேரு வக்கீலு ஃபீஸுக்கு ஆவாது."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார். தலை நிமிராமல் சாப்பிட்டேன். வாசலில் அவருடைய பையன் ராத்திரி வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மா என்னோடு பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். வேலூரில் அவனுக்கு இன்னும் அறை கிடைக்கவில்லை; தினமும் போய் வருகிறானாம்.

திரும்பும் ஜீப்பின் மேலே மூங்கில் கட்டு ஏற்றியிருந்தார்கள். நல்ல கழிகள், நேரானவை. ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் டிரைவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "சந்தவாசல் வண்டில ஏத்தணும். உங்க வூட்டுக்குத்தானே மா போவுது?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் வூட்டுக்கு" என்று சொல்லிவிட்டு, நான் போளூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.