அவருக்குப் போட்ட கட்டில்

இஸ்ரவேல் போய்விட்டான்.

காலையில் அவன் மகள் அவனியாபுரத்திலிருந்து போன் பண்ணினாள். "மாமா... அப்பா இல்ல மாமா" என்றாள்.

எனக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது. விரல் நடுங்குகிறது, அதனால் போனில் வாயால் சொல்லித்தான் இந்தப் பதிவு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலக யுத்த காலம். மதுரையில் ஒரு நூல் மில்லில் அவனும் நானும் ஒரே ஷிப்ட்... மீசை சரியாக முளைக்காத வயசு. நான் டவுனுக்குள்ளிருந்து நடந்து வருவேன். அவனுக்கு மில்லுக்குப் பின்னாலேயே, தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு.

வீடு என்றால் ஒரே அறை. அதற்குள் அப்பா, அம்மா, இவன், தம்பிகள், கடைக்குட்டியாக சுகிர்தம் என்று ஒரு தங்கச்சி.

அந்த ஒரே அறையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கும். அதில் யாரும் படுக்கக் கூடாது... உட்காரவும் கூடாது.

அவன் அப்பா தேவசகாயம் மாமா மில்லில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் மோட்சத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். கடவுள் இறங்கி வந்து மனிதர்களுக்கு நடுவிலேயே குடியிருப்பார், எல்லார் கண்ணையும் அவரே துடைத்துவிடுவார், அப்புறம் சாவே கிடையாது என்று.

மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாமா நேரே போய்க் கட்டில் வாங்கி வந்துவிட்டார். குடியிருக்க வருகிறவருக்குப் படுக்க இடம் வேண்டுமே!

லைன் முழுக்கச் சிரித்தது. எனக்கும் வாய் சும்மா இருக்காது. "மாமா, அவரு வழி தெரியாம எங்க வீட்டுக்கு வந்துட்டா என்ன செய்வீக?" என்று கேட்டேன்.

"தங்கட்டுமே காதரு. அங்க கட்டில் கெடக்கா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் வீட்டில் பாய்தான்.

ஒரு தடவை இஸ்ரவேல் ஷிப்ட் முடிந்து வந்த அசதியில் அந்தக் கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டான். மாமா தோளைப் பிடித்து உலுக்கினார். "எந்திரிடா. அது அவருக்குப் போட்டது."

அவன் கண்ணைத் திறக்காமலே எழுந்து, தரையில் சுருண்டு, விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தான். மறுநாள் மில்லில் இதைச் சொல்லிச் சொல்லி அவனை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

அப்புறம் அந்த ஐப்பசி...

மழை விடவே இல்லை. சுகிர்தத்துக்குக் காய்ச்சல். நான் பார்க்கப் போனபோது தரையெல்லாம் ஓதம் ஏறி, பாயைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. பிள்ளை அதில்தான் கிடந்தாள். பக்கத்தில் கட்டில் காய்ந்துபோய்க் கிடந்தது.

"புள்ளைய அதுல தூக்கிப் போடுங்களேன்... உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அத்தை, இஸ்ரவேலின் அம்மா, அழுதார்.

மாமா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நமக்குக் கஷ்டம்னு நாமளே எடுத்துக்கிட்டா, அப்புறம் அவரு எங்க வருவாரு?"

"வந்தா தரையில ஒக்காரட்டும்!" என்றார் அத்தை.

மாமா கல்நெஞ்சக்காரர் இல்லை. தன் வேட்டியை மடித்துப் பிள்ளைக்கு அடியில் கொடுத்தார். எங்கிருந்தோ சாக்குகள் கொண்டுவந்து விரித்தார். ராவும் பகலும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். கட்டிலை மட்டும் கொடுக்கவில்லை.

சுகிர்தம் பிழைக்கவில்லை.

தரையில் கிடந்ததால்தான் போனாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எந்த டாக்டரும் வந்து பார்க்கவும் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அவளை அந்தக் கட்டிலில் வைத்துத்தான் தூக்கிப் போனோம். மாமாதான் எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் இஸ்ரவேல் தோள் கொடுத்தான், ஒரு பக்கம் நான்.

திரும்பி வந்ததும் மாமா அதைக் குழாயடியில் கழுவினார். வெயில் வந்ததும் காயவைத்தார். சாயங்காலம் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டார்.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணத் தொடைக்க வாரேன்னாராமே... இப்ப வரச் சொல்லுங்க" என்றார். சத்தம் போடவில்லை.

எனக்கு அந்த மனுஷன் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அவர் செத்தும் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

இஸ்ரவேல் கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டி பெற்று, அவனியாபுரத்தில் வீடும் கட்டினான். சர்ச்சுக்குப் போவான், பாட்டும் பாடுவான். படுக்கை மட்டும் தரையில்தான். மகள் மெத்தையோடு ஸ்டீல் கட்டில் வாங்கிப் போட்டாள். அதற்குக் கீழே பாயை விரித்துப் படுத்தான் பாவி.

ஏர்போர்ட் பக்கம், அவன் வீட்டுக்கு மேலேதான் பிளேன் தாழப் பறந்து இறங்கும். ஒவ்வொரு தடவையும், "மாப்ள, ஒங்க ஆளு இதுலயாச்சும் வாராரான்னு பாரு" என்பேன். முன்பெல்லாம் கோபித்துக்கொள்வான். கடைசிக் காலத்தில் சிரிப்பான்.

போன மாதம் போயிருந்தபோது கேட்டே விட்டேன். "ஏன்டா, இன்னுமா அவருக்குன்னு கட்டிலச் சும்மா போட்டு வச்சிருக்க?"

பாயின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னான்.

"அவரு வருவாருங்கிற நெனப்பெல்லாம் எப்பவோ போயிருச்சு காதரு... ஆனா நான் எப்பிடிடா அதுல படுப்பேன்?"

இரண்டு பேரும் டீ குடித்தோம். அதுதான் கடைசி என்று தெரியாமல் போச்சு.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐஸ் பெட்டி வர நேரமாகும் என்று அவனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மெத்தையில்... தலையணை வைத்து.

பக்கத்தில் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

படுத்துக்க மாப்ள. எந்திரின்னு சொல்ல இனிமே யாரும் வரமாட்டாக.